பூனை இருக்கும் வீட்டில் ஊர்வன வளர்ப்போருக்கு: கூண்டைப் பாதுகாக்கும் முறைகள்

பூனை வளர்க்கும் வீட்டுக்குள் பியர்டட் டிராகன், லெப்பர்ட் கெக்கோ போன்ற பல்லியோ பால் பைத்தான் என்ற பாம்போ வந்து சேர்ந்தால், ஓரிரு நாட்களிலேயே பூனை அந்தக் கண்ணாடிக் கூண்டின் முன்னால் இடம்பிடித்துக்கொள்ளும். மணிக்கணக்கில் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும், கண்ணாடியைத் தட்டும், சமயம் பார்த்து மூடியின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். போகப்போகப் பழகிவிடும் என்று நினைத்துப் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பூனைக்கு அலுத்துப்போவதற்கு முன்பே மூடி வளைந்திருக்கும், அல்லது உள்ளே இருக்கும் உயிர் தீனியை நிறுத்தியிருக்கும். பூனையின் குணத்தை மாற்ற முயல்வதில் செலவிடும் உழைப்பைக் கூண்டையும் அறையையும் மாற்றுவதில் செலவிட்டால் இரண்டு உயிர்களும் நிம்மதியாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். நட்சத்திர ஆமை, உடும்பு, நம் நாட்டு மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களிலும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) பட்டியலில் உள்ளவற்றை முறையாகப் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும். காகிதங்கள் சரியாக இருந்தால்தான் காயம் பட்ட நேரத்தில் தயக்கமில்லாமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட முடியும்.

பூனையைக் கூண்டிடம் இழுப்பது எது?

முதல் காரணம் வெப்பம். பூனையின் உடலுக்கு இதமான சூழல் ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை. நமக்கு வசதியாக இருக்கும் அறை பூனைக்குச் சற்றுக் குளிர்ச்சியானதுதான். பியர்டட் டிராகன் வெயில் காயும் இடத்தை 40 டிகிரி அளவில் வைத்திருக்கிறோம் என்பதால், அந்தக் கூண்டின் மேல்மூடி வீட்டிலேயே மிகக் கதகதப்பான மெத்தையாகிவிடுகிறது. குளிர்சாதனம் ஓடும் அறையிலும் மார்கழி இரவுகளிலும் இந்த ஈர்ப்பு இன்னும் கூடும். இரண்டாவது காரணம் அசைவு. பூனையின் கண், நின்றிருக்கும் பொருளை விட ஓடும் பொருளுக்கே விரைவாக விழித்துக்கொள்ளும்; விடியலிலும் அந்தியிலும் அதன் வேட்டை உணர்வு உச்சத்தில் இருக்கும். லெப்பர்ட் கெக்கோ வெளியே வந்து உலவத் தொடங்குவதும் அதே அந்திப் பொழுதில்தான். மூன்றாவது காரணம் ஓசை. மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் எல்லை என்றால் பூனையின் காது 60 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே கேட்கக்கூடியது. தீனிக்காக வைத்திருக்கும் சிள்வண்டுகள் டப்பாவுக்குள் சுரண்டுவது நமக்குக் கேட்காவிட்டாலும் அடுத்த அறையில் படுத்திருக்கும் பூனைக்குத் தெளிவாகக் கேட்கும்.

இந்த மூன்றையும் தனித்தனியே கையாள வேண்டும். வெப்பத்துக்காக ஏறும் பூனையை, அசைவை மறைக்கும் திரையால் தடுக்க முடியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது

கூண்டு உறுதியாக இருக்கிறது, பூனையால் தொட முடியவில்லை, ஆகவே ஆபத்து இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பியர்டட் டிராகனின் தலை உச்சியில், செதில்களுக்கு நடுவே, வெளிறிய ஒரு சிறு புள்ளியைக் காணலாம். அது உருவங்களைப் பார்க்காது. ஆனால் வெளிச்சமும் நிழலும் மாறுவதை உணரும் மூன்றாவது கண் அது. அதன் சொந்த நிலமான ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் மேலிருந்து விழும் நிழலுக்கு ஒரே பொருள், பாய்ந்து வரும் பறவை. பூனை மூடியின் மேல் வந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் அந்த நிழல்தான் அதன் மேல் விழுகிறது. பல்லி ஓடாமல் அப்படியே தரையோடு ஒட்டிக்கொள்ளும். தாடைக்குக் கீழே தாடி மெல்லக் கறுக்கும். வயிற்றில் நீள்வட்டக் கருங்கோடுகள் தெரியும். சில வேளைகளில் பகல் வெளிச்சத்திலேயே கண்ணை மூடிக்கொள்ளும். தூங்குகிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். அது தூக்கமே அல்ல, தப்பிக்க வழியில்லாத உயிர் செய்யும் காரியம்.

லெப்பர்ட் கெக்கோ வாலை மெதுவாக ஆட்டி எச்சரிக்கும். அச்சம் முற்றினால் வாலையே உதிர்த்துவிடும். வால் மீண்டும் வளரும் என்றாலும் கட்டையாகவும் உருண்டையாகவும்தான் வளரும், அதில் சேர்த்து வைத்திருந்த கொழுப்பும் போய்விடும். கிரெஸ்டட் கெக்கோ என்ற இன்னொரு பல்லிக்கு உதிர்ந்த வால் திரும்ப வளர்வதே இல்லை. பால் பைத்தான் தன்னைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இரையைத் தொடாது. பச்சோந்தி நிறம் இருண்டு வாயைத் திறந்தபடி நிற்கும். கண்ணாடியின் ஓரத்திலேயே மேலும் கீழுமாகக் கால்களை உரசிக்கொண்டு ஓடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். இவற்றில் எதுவும் தென்பட்டால் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சோதிக்கும் அதே கையோடு, பூனை அங்கே எவ்வளவு நேரம் செலவிடுகிறது என்பதையும் கவனியுங்கள்.

அறையும் இடமும்

கதவு மூடக்கூடிய தனி அறை கிடைத்தால் அதை விடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை. கதவை எப்போதும் மூடி வைத்தால் காற்றோட்டம் குறையும் என்று தயங்குபவர்கள், கொசுவுக்குப் போடும் வலைக்கதவைப் பொருத்தலாம். ஆனால் நைலான் வலையைப் பூனை ஒரே வாரத்தில் கிழித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வலையாகக் கேட்டு வாங்குங்கள். கதவு தானாகவே சாத்திக்கொள்ள ஒரு ஸ்பிரிங் போட்டுவிட்டால், குழந்தைகள் மறந்து திறந்துவிட்டு ஓடினாலும் கவலையில்லை. கைப்பிடி கீழ்நோக்கி அழுத்தித் திறக்கும் வகையாக இருந்தால் மேலே ஒரு தாழ்ப்பாளும் வேண்டும். எட்டிக் குதித்து அந்தக் கைப்பிடியில் தொங்கிக் கதவைத் திறக்கப் பல பூனைகள் தாமாகவே கற்றுக்கொள்கின்றன.

தனி அறைக்கு வசதியில்லாத வீடுகளில் கூண்டு நிற்கும் இடமே பாதி வேலையைச் செய்ய வேண்டும். நல்ல உடல்நிலையில் இருக்கும் பூனை நின்ற இடத்திலிருந்தே ஒன்றரை மீட்டர் உயரம் தாவும். ஆகவே உயரத்தை நம்ப வேண்டாம். தாவுவதற்குக் காலூன்றும் இடங்களை அகற்றுங்கள். சோபாவின் கை, ஜன்னல் திட்டு, புத்தக அலமாரி, துணி இஸ்திரி போடும் மேசை இவை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கூண்டின் மேற்புறத்துக்கும் மேலே உள்ள அலமாரிக்கும் இடையே பூனை நுழைய முடியாத சிறு இடைவெளிதான் இருக்கிறது என்றால் பூனைக்கு ஏற இடமே இருக்காது. ஆனால் அங்கே விளக்கு இருந்தால் இந்த யோசனையை மறந்துவிடுங்கள், அலமாரியின் பலகை தீப்பிடிக்கும். கூண்டு நிற்கும் மேசையை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் சுவரோடு எல் வடிவ இரும்புப் பட்டையால் பிணைத்துவிடுங்கள்.

மூடியும் விளக்கும்

நான் பார்த்த வரையில் பெரும்பாலான விபத்துகள் மேல்மூடியில்தான் தொடங்குகின்றன. கடைகளில் கிடைக்கும் மேல்திறப்புக் கூண்டுகளின் மூடி, மெல்லிய அலுமினியச் சட்டத்தில் மென்மையான வலையை ரப்பர் கயிறால் செருகியதாகவே இருக்கும். உள்ளே இருப்பது வெளியே வராமல் தடுக்க அது போதும். மேலிருந்து குதிக்கும் நான்கைந்து கிலோ எடையைத் தாங்க அது செய்யப்படவில்லை. சோதிப்பது எளிது. உள்ளே இருக்கும் உயிரை வேறு பெட்டிக்கு மாற்றி, விளக்குகளை அணைத்து ஆறவைத்துவிட்டு, 5 கிலோ அரிசிப் பையை மூடியின் நடுவில் வைத்துப் பாருங்கள். சட்டம் வளைந்தாலோ வலை ஓரத்தில் பிதுங்கினாலோ அந்த மூடி பூனைக்குத் தாங்காது. வைத்த பை தாங்கினாலும் குதிக்கும் பூனையின் விசை அதைவிடப் பல மடங்கு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மாற்று வழியாக, ஹார்டுவேர் கடையில் வெல்ட் மெஷ் என்று கேட்டால் கிடைக்கும் அரை அங்குலக் கண் கொண்ட கம்பி வலையை, ஒரு அங்குல இரும்புக் கோணச் சட்டத்தில் பற்றவைத்து, பழைய மூடிக்கு மேலே இன்னொரு மூடியாகப் பொருத்தலாம். அதை 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டி வடிவில் செய்யச் சொன்னால் விளக்குகள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். பூனையால் விளக்கைத் தொடவும் முடியாது, விளக்கின் அருகே படுக்கவும் முடியாது. மேற்புறத்தைத் தட்டையாக விடாமல் வீட்டுக்கூரை போலச் சரிவாக அமைத்துவிட்டால் பூனைக்கு உட்காரும் ஆசையே போய்விடும். வெல்டிங் பட்டறையில் இந்த வேலையைச் சொல்லும்போது, கம்பி முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பூனை உட்காராமல் இருக்க மூடியின் மேல் கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ வைத்துவிடலாமே என்று தோன்றலாம். அதைச் செய்யவே கூடாது. பகலில் உலவும் பல்லிகளுக்கும் ஆமைகளுக்கும் தேவையான, புற ஊதாக் கதிர்களில் ஒரு வகையான யூவிபி கதிரைக் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். யூவிபி கிடைக்காத பல்லியின் உடல் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் எலும்பு வளைந்துபோகும். காற்றோட்டமும் அடைபட்டு உள்ளே வெப்பம் எகிறும். கம்பி வலையும் கூட, அதன் நெருக்கத்தைப் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கு யூவிபியையோ அதற்கு மேலோ விழுங்கிவிடும். ஆகையால் புதிய வலைப் பெட்டியைப் போடும்போது விளக்கு அதற்கு வெளியே போய்விடாமல், பழைய இடத்திலேயே, பழைய தூரத்திலேயே இருக்க வேண்டும். விளக்கையும் யூவிபி ட்யூபையும் கூண்டுக்குள்ளேயே பொருத்துபவர்கள், உள்ளிருக்கும் உயிர் சுட்டுக்கொள்ளாதபடி அவற்றுக்குத் தனிக் கம்பிக்கூடு போட வேண்டும்.

விளக்கைக் கிளாம்ப் போட்டுக் கவ்வ வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. பூனை ஒரு முறை உரசினால் கிளாம்ப் நழுவும். தரைவிரிப்பின் மேலோ திரைச்சீலையின் மேலோ விழுந்த விளக்கு சில நிமிடங்களில் வீட்டையே எரித்துவிடக்கூடும். செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரிக்கும் மேல் போகும், ஒளி தராததால் அது சூடாக இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. கூரையில் கொக்கி அடித்துச் சங்கிலியில் தொங்கவிட்டு, இரண்டாவதாக ஒரு கம்பியாலும் கட்டிவையுங்கள். ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும். ஒயர்களைப் பூனை கடிக்காமல் இருக்கப் பிவிசி கான்டியூட் குழாய்க்குள் செலுத்துங்கள். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அந்த சர்க்யூட்டில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சாரைப் பூனை இழுத்து வெளியே போட்டுவிட்டால், கூண்டு குளிர்ந்திருப்பதாக நினைத்துக் கருவி விடாமல் சூடேற்றிக்கொண்டே இருக்கும். அந்த சென்சார் ஒயரை உள்ளே இறுக்கிக் கட்டுவது அரை நிமிட வேலை.

முன்பக்கம் கண்ணாடி நகர்த்தித் திறக்கும் கூண்டுகளுக்கு, நகைக்கடை ஷோகேஸில் போடும் பல் வைத்த பூட்டு மிகப் பொருத்தமானது. பூனை நகத்தால் கண்ணாடியை நகர்த்துவதையும், பாம்பு மூக்கால் தள்ளுவதையும் அந்த ஒரே பூட்டு தடுத்துவிடும். பச்சோந்திக்கு வைக்கும் துணிவலைக் கூண்டைப் பூனையின் நகம் எளிதில் கிழித்துவிடும் என்பதால், பூனை நடமாடும் அறையில் அதற்கு இடமே கிடையாது.

பார்வையை மறைத்தல்

கூண்டின் பின்பக்கத்தையும் இரு பக்கவாட்டுகளையும் வெளியிலிருந்து படம் போட்ட தாளாலோ கறுப்புச் சார்ட்டாலோ முழுவதுமாக ஒட்டிவிடுங்கள். முன்பக்கத்தில், பூனை தரையிலோ மேசையிலோ உட்கார்ந்தால் அதன் கண் எட்டும் உயரம் வரை, குளியலறை ஜன்னலுக்கு ஒட்டும் மங்கல் ஃபிலிமை ஒட்டினால் உங்கள் பார்வையும் கெடாது, பூனைக்கும் அசைவு தெரியாது. உள்ளே ஒளிந்துகொள்ள இரண்டு மறைவிடங்களாவது இருக்கட்டும், ஒன்று சூடான பக்கத்தில், ஒன்று குளிர்ந்த பக்கத்தில். ஒரே ஒரு மறைவிடம் குளிர்ந்த மூலையில் இருந்தால், பயந்த உயிர் உடல் சூட்டை விட்டுக்கொடுத்து அங்கேயே அடைந்து கிடக்கும், செரிமானமும் நின்றுபோகும். உள்ளே பசுமைக்கு மணி பிளான்ட் வைப்பவர்கள், அதன் இலையைக் கடித்த பூனைக்கு வாய் எரிந்து எச்சில் வழியும் என்பதால், கொடி வலைக்கு வெளியே நீளாமல் கத்தரித்து வையுங்கள்.

தீனி நேரம்

சிள்வண்டு, மீல்வோர்ம் புழு, டூபியா கரப்பான் ஆகியவற்றின் டப்பாக்களைக் கூண்டின் அடியிலேயே வைத்திருப்பது பலரின் வழக்கம். அவற்றை வேறு அறைக்கு மாற்றினாலே பூனையின் ஆர்வம் பாதியாகக் குறையும். இரை போடும் முன் பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்துங்கள். சாப்பிடாமல் விட்ட பூச்சிகளை இரவுக்குள் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கண்ணாடிக்குள் ஓடும் பூச்சிக்காகவே பூனை விடியவிடியக் காவலிருக்கும். பாம்புக்கு உறைந்த எலியை உருக்குபவர்கள் அதைத் திறந்த கிண்ணத்தில் வைக்காமல் இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். எலி வாசனை வீட்டில் பரவியிருக்கும் நேரத்தில் பூனையும் பாம்பும் ஒரே மனநிலையில்தான் இருக்கும்.

பூனைக்கு அதன் பங்கு

மூடியின் மேல் ஏறுவதைத் தடுத்துவிட்டு, வேறு கதகதப்பான இடம் எதையும் பூனைக்குத் தராமல் விட்டால், அது வேறு வழி தேடிக்கொண்டே இருக்கும். அறையின் எதிர்மூலையில், கூண்டை விட உயரமாக, வெயில் படும் ஜன்னலோரத்தில் ஒரு திட்டு அமைத்து அதில் பழைய போர்வையை மடித்துப் போடுங்கள். வெளியே அணிலும் காகமும் தெரிந்தால் இன்னும் நல்லது. அந்தியில், குச்சியில் கட்டிய இறகை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடவிட்டு, கடைசியில் அது பிடித்துக் கடிக்க விடுங்கள். பிடித்த கையோடு அதன் இரவுச் சாப்பாட்டை வைத்துவிடுங்கள். வேட்டையாடி, உண்டு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்து, உறங்கும் அதன் இயல்பான வரிசை இப்படி நிறைவேறினால் கெக்கோ வெளியே வரும் வேளையில் பூனை தூங்கிக்கொண்டிருக்கும். பட்டினியாக வைத்திருக்கும் பூனையை விட, விளையாட்டே இல்லாமல் சலித்துக் கிடக்கும் பூனைதான் கூண்டை அதிகம் தேடி வருகிறது.

செய்யக் கூடாதவை சில உண்டு. மூலையில் ரசகற்பூர உருண்டை போடுவது பூனைக்கு நஞ்சு. எலுமிச்சை எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய் போன்றவையும் பூனையின் ஈரலைத் தாக்கும், ஊர்வனவின் மூச்சுக்கும் ஆகாது. மிளகாய்த் தூள் தூவுவது வெறும் கொடுமை. தண்ணீர்ப் பாட்டிலால் பீச்சினால் பூனை உங்களைக் கண்டுதான் பயப்படும், நீங்கள் இல்லாத நேரத்தில் மீண்டும் ஏறும். சூடான விளக்கில் துளி பட்டால் கண்ணாடி வெடிக்கவும் கூடும். இருபுறம் ஒட்டும் டேப்பை மேசை விளிம்பில் ஒட்டுவது தீங்கற்றது, ஓரளவு பலனும் தரும். அசைவைக் கண்டால் காற்றுச் சீறும் கருவியை வைக்க விரும்பினால் அறை வாசலில் வையுங்கள், கூண்டின் பக்கத்தில் வைத்தால் முதலில் மிரளப்போவது உள்ளே இருப்பதுதான்.

வெளியே எடுக்கும்போதும், சுத்தம் செய்யும்போதும்

ஊர்வனவைக் கையில் எடுக்கும் முன் பூனை எந்த அறையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, அந்தக் கதவை மூடிவிட்டு வாருங்கள். எங்கோ தூங்குகிறது என்ற நினைப்பு போதாது. பூனையும் பல்லியும் கட்டியணைத்து உறங்கும் காணொளிகளைப் பார்த்து நம் வீட்டிலும் நட்பு உண்டாக்க ஆசைப்பட வேண்டாம். பல்லி தேடுவது பூனையின் உடல் சூட்டை, பூனை பொறுத்திருப்பது பல்லி ஓடாத வரையில்தான். பெரிய மலைப்பாம்பு வகைகளை வளர்க்கும் வெளிநாட்டு வாசகர்களுக்கு ஆபத்து தலைகீழானது. அங்கே இரையாகப்போவது பூனைதான்.

ஆரோக்கியமாகத் தோன்றும் ஊர்வனவின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கும். கூண்டின் நீர்த்தொட்டியில் பூனை நக்கக் கூடாது, கழிவை அள்ளிய தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, ஒன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இன்னொன்றைத் தொடக் கூடாது.

மருந்துகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை அறியாமல் பூனைகள் இறந்திருக்கின்றன. பாம்பின் மேல் ஒட்டும் சிற்றுண்ணிகளுக்கென விற்கும் ஸ்பிரே சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. அது பூனையின் உடலில் முறியாது. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிர் போகலாம். எதிர்ப்பக்கமாக, பூனையின் கழுத்தில் தெள்ளுப்பூச்சிக்காக விடும் சொட்டு மருந்துகளில் உள்ள ஃபிப்ரோனில் பல்லிகளுக்கு நஞ்சு. மருந்து போட்ட அன்று பூனையைத் தடவிய கையால் பல்லியைத் தொடாதீர்கள். ஆமைக்கு ஐவர்மெக்டின் உயிரைப் பறிக்கும் மருந்து என்பதால் பூனைக்கு எழுதித் தந்த பூச்சி மருந்தை மீதம் இருக்கிறது என்று அதற்குக் கொடுத்துவிட வேண்டாம்.

தப்பிவிட்டால், கடிபட்டுவிட்டால்

கூண்டு காலியாக இருப்பதைக் கண்டால் தேடத் தொடங்கும் முன் பூனையை அடைத்துவிடுங்கள். பிறகு சுவரோரமாக, தரை மட்டத்தில், ஃப்ரிட்ஜின் பின்புறம், இன்வெர்ட்டரின் அடி போன்ற கதகதப்பான இடுக்குகளில் டார்ச்சை வைத்துப் பாருங்கள். இரவு உலவும் உயிராக இருந்தால் வாசற்படிகளின் குறுக்கே கோலமாவை மெல்லியதாகத் தூவி வைத்தால் காலையில் தடம் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பூனையின் பல்லோ நகமோ பட்டிருந்தால், காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாக இருந்தாலும் அதே நாளில் ஊர்வனவுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் போக வேண்டும். நோயில்லாத பூனைகளின் வாயிலேயே பாஸ்டுரெல்லா என்ற கிருமி இருக்கிறது. மேல்தோல் மூடிக்கொண்ட பின் அது உள்ளே பெருகிச் சில நாட்களில் இரத்தத்தையே நஞ்சாக்கிவிடும். அதுவரை பல்லி சாதாரணமாகத்தான் தெரியும். போகும் வரையில் காயத்தை மருத்துவச் சலைன் நீரால் மெதுவாகக் கழுவுங்கள், மஞ்சளோ களிம்போ வைக்காதீர்கள், தீனி தராதீர்கள். மணலும் மரத்தூளும் இல்லாத பெட்டியில் வெள்ளைத் தாளை விரித்து, வழக்கமான இதச் சூட்டில் இருட்டாக வையுங்கள். பூனையின் கடி என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அதைப் பொறுத்துத்தான் எந்த ஊசியைப் போடுவது என்பதை அவர் முடிவு செய்வார். எல்லா கால்நடை மருத்துவமனைகளிலும் ஊர்வன பார்ப்பதில்லை. உங்கள் ஊரில் யார் பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமையில் யார் எடுப்பார் என்பதை இன்றே விசாரித்து, அந்த எண்ணைக் கூண்டின் பக்கவாட்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.